சென்னியப்பனுக்கு எட்டாத தரை

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், ஒரு மொட்டைக் கரட்டின் அடியில் கிடக்கிற கரட்டுப்புதூரில் வீட்டுக்கு ஒரு ஆளாவது எந்நேரமும் லாரியோடு ரோட்டில் இருப்பான். அப்படி இருக்கிறவனைப் பற்றி யாராவது விசாரித்தால், வீட்டில் இருக்கிறவர்கள் "வண்டி நாக்பூர்ல நிக்குதுங்க", "வண்டி இந்தூர் தாண்டிருச்சுங்க" என்று சொல்வார்களே தவிர, அவர் நாக்பூரில் இருக்கிறார் என்று ஒருத்தர் வாயிலும் வராது. பொண்டாட்டி சொல்வதும் அப்படித்தான், பெற்றவள் சொல்வதும் அப்படித்தான், பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டால் பிள்ளைகள் சொல்வதும் அப்படித்தான். அதனால் ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பால் கேன்கள் சொசைட்டிக்குப் போகிற நேரத்தில், பத்தொன்பது நாள் கழித்து ஊர் திரும்பிய சென்னியப்பன் தன் பன்னிரண்டு சக்கர வண்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, கதவைத் திறந்து, காலைக் கீழே வைக்கப் போனபோது தரை எட்டாமல் போனதை ஊர் ஒன்றும் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

எட்டவில்லை என்றால் எட்டவேயில்லை. கடைசிப் படியில் ஒரு காலை ஊன்றி மறுகாலை இறக்கினான். தரை ஒரு சாண் கீழே போயிற்று. கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினான். தரை ஒரு முழம் கீழே போயிற்று. காலை மேலே இழுத்துக்கொண்டால் ஒன்றும் நடக்காதது போலத் தரையும் மேலே வந்து நின்றுகொண்டது. அதே தரையில் அவன் பொண்டாட்டி கோகிலா காப்பி டம்ளரோடு நின்றாள், ஆறு வயசு மகள் மகிழினி பள்ளிக்கூடப் பையோடு நின்று "குதிங்கப்பா, குதிங்கப்பா" என்று கத்தினாள், பக்கத்து வீட்டுக் கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது; அவர்களுக்கெல்லாம் தரை இருந்த இடத்திலேயேதான் இருந்தது. மகள் சொல்கிறாளே என்று சென்னியப்பன் குதித்தான். குதித்தவன் விழுந்துகொண்டே இருந்தான். மகிழினி ஒன்றிலிருந்து நாற்பது வரைக்கும் எண்ணினாள். விழுந்து முடித்தபோது ஸ்டியரிங்குக்குப் பின்னால், தன் சீட்டில், காலில் செருப்போடு உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க மாமா, விளையாடறீங்களா? காப்பி ஆறுது," என்றாள் கோகிலா.

"விளையாட்டா இருக்குதா உனக்கு? பத்தொன்பது நாளு உக்காந்து உக்காந்து இடுப்பே கழண்டு போச்சு புள்ள. கையக் குடு."

கையைக் கொடுத்தாள். அவன் கை அவள் கைக்கு வந்தது, கால் மட்டும் வரவில்லை. சரி, காப்பியாவது வரட்டும் என்று டம்ளரை ஜன்னல் வழியாக நீட்டினாள். அவன் வாங்கிக் குடித்தான். அன்றைக்கு அந்தக் காப்பியை ஜன்னல் வழியாகக் கொடுத்தது தப்பு என்று பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டாள். ஒரு காப்பி உள்ளே போனால், அதன் பின்னாலேயே சோறு போகும், தலையணை போகும், ஒரு குடித்தனமே போகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

ஊர் தன்னால் ஆனதைச் செய்தது. மெக்கானிக் வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து, சஸ்பென்ஷனில் கோளாறு இல்லை என்று சொல்லி, வந்ததற்கு கிரீஸ் வைத்துவிட்டுப் போனார். பூசாரி ஒரு எலுமிச்சம்பழத்தை மந்திரித்துச் சென்னியப்பன் கையில் கொடுத்துக் கீழே போடச் சொன்னார். பழம் ஒரு சிக்கலும் இல்லாமல் தரைக்கு வந்து உருண்டது. கரண்ட் ஆபீஸ்காரர் ஏணி கொண்டுவந்தார். ஏணியில் அவன் இறங்க இறங்கப் படி கூடிக்கொண்டே போயிற்று. கடைசியில் நாலு பேர் சேர்ந்து, வீடு கட்டப் போட்டிருந்த ஒரு நீளப் பலகையை வண்டிக் கதவிலிருந்து வீட்டு வாசல்படிக்குப் பாலம் மாதிரி போட்டார்கள். பத்தடிப் பலகைதான். சென்னியப்பன் அதன் மேல் காலையில் நடக்க ஆரம்பித்தவன், பள்ளிக்கூடத்தில் சத்துணவு மணி அடிக்கிற வரைக்கும் நடந்தான். வாசல்படி அதே பத்தடியில் நின்றது. கால் வலித்துத் திரும்பிப் பார்த்தால் வண்டியின் சீட்டு முதுகில் இடிக்கிற தூரத்தில் இருந்தது. அவன் உட்கார்ந்துகொண்டான். நாலு பேரும் பலகையை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அதன் பிறகு எல்லாம் பழகிப்போயிற்று, அதுதான் கொடுமை. முடிவெட்டுகிறவர் கேபினுக்கு ஏறி வந்து வெட்டினார். ரேஷன் கடைக்காரர் விரல்ரேகை மெஷினை எடுத்துவந்து ஜன்னலுக்கு நேராக நீட்டினார். கோகிலா வண்டியின் லோடு ஏற்றுகிற பின்பக்கத் தொட்டியில் ஒரு மூலையைத் தார்ப்பாயால் மறைத்து, டியூப் இழுத்துத் தண்ணீர் விட்டு, குளிக்கவும் மற்ற அவசரங்களுக்கும் ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தாள். கேபின் மேல் ஏறிப் பின்பக்கம் போவதற்கு அவனுக்குத் தடை ஒன்றும் இருக்கவில்லை, வண்டியை விட்டுப் போகத்தான் தடை. மகிழினி டாஷ்போர்டின் மேல் வாய்ப்பாடு எழுதினாள். அப்பா எப்போதும் ஒரே இடத்தில் இருப்பது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. முன்னெல்லாம் வீட்டுக்கு வந்தால்கூட அப்பா எந்தக் கட்டிலில் தூங்குகிறார் என்று தேட வேண்டியிருந்ததாம். வண்டிக் கடனுக்கு மாசா மாசம் கட்டுகிற டியூ நிற்குமா, நிற்காது. ஆகவே லோடு வந்தால் சென்னியப்பன் போனான், இறக்கினான், திரும்பி வந்தான், வழியில் ஓட்டல்காரர்கள் பொட்டலத்தை ஜன்னலுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கேயும் தரை அவனை வாங்கிக்கொள்ளவில்லை. ஆந்திரத்துத் தரையும் வாங்கவில்லை, மராட்டியத்துத் தரையும் வாங்கவில்லை.

கார்த்திகையில் அய்யாவு மாட்டிக்கொண்டார். அவர் முப்பது வருஷமாக ஓட்டுகிறவர், வாய் ஓயாதவர். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் தன் வண்டியை நிறுத்திவிட்டுக் காலை இறக்கிப் பார்த்து, மேலே இழுத்துக்கொண்டு, "ஏப்பா சென்னி, உன்ற சீக்கு எனக்கும் ஒட்டிக்கிச்சுடா. பீடிக்கட்டு இருந்தா வீசு," என்றார். மார்கழி முடிவதற்குள் ஏழு வண்டிகள் ஆயிற்று. ஏழு வண்டியும் தொட்டியைச் சுற்றி நின்றால் ஊரே ஜன்னலைப் பார்த்துப் பேசிற்று. பெண்கள் அண்ணாந்து பேசிப் பேசிக் கழுத்துவலிக்குத் தைலம் வாங்கினார்கள். 

இதில் ரொம்பச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் சங்ககிரியில் லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கிற புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த தனசேகர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. காதுகுத்துக்குக் கூப்பிட்டால் மொய்யோடு வருகிற மனுஷன், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கார் அனுப்புகிற மனுஷன். அவர் வண்டி வண்டியாகப் போய் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "தங்கமான டிரைவருகப்பா நீங்க. எறங்கறதே இல்ல, தூங்கப் போறதே இல்ல, பார்ட்டிகளெல்லாம் உங்களத்தான் கேக்கறாங்க," என்று சொன்னார். ஒரு மாதம் கழித்து, "ரூம் வாடகை இல்ல, ஊட்டுக்குப் போற செலவு இல்ல, உங்களுக்கு என்னப்பா, கொஞ்சம் கம்மி வாடகைக்கே ஓட்டலாமே," என்றும் அவரேதான் சொன்னார். ஏழு பேரும் யோசித்துப் பார்த்தார்கள். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று குறைத்துக்கொண்டு ஓட்டினார்கள். அந்த மாதத்திலிருந்து தரை இன்னும் இரண்டு சாண் கீழே போயிற்று.

இப்படியிருக்கிறபோதுதான் நவமணி வெற்றிலை பாக்கோடு வந்தாள். நவமணி சென்னியப்பனின் ஒரே தங்கை, பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்தது. அப்பன் இல்லாத வீட்டில் அண்ணன் ஓட்டிய வண்டிக் காசில்தான் அவள் வளர்ந்தாள், படித்தாள், கழுத்தில் தாலி ஏறிற்று. ஏறுகிறபோது அண்ணன் பக்கத்தில் இல்லை. முகூர்த்தம் முடிந்து பந்தியில் மூன்றாவது வரிசை உட்காருகிறபோது அழுக்குச் சட்டையோடு ஓடிவந்தான். வளைகாப்புக்கு வண்டி குவாலியரில் நின்றுவிட்டது. இப்போது பையன் அகரனுக்குப் பதினோரு மாதம். மாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை கரட்டின் மேல் இருக்கிற அண்ணமார் கோயிலில் மொட்டை, காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும்.

அவள் ஜன்னலைப் பார்த்து வெற்றிலைத் தட்டை நீட்டி, "அண்ணா, இந்தத் தடவ நீ இல்லாம நடந்துச்சுன்னா நான் உன்ற முகத்துல முழிக்கமாட்டேன், சொல்லிப்புட்டேன்," என்றாள்.

"அதுக்கென்ன கண்ணு, இங்கதான இருக்கறன்."

"கோயிலு மேல இருக்குது. நூத்தியிருவது படி."

சென்னியப்பன் தன் கால்களைப் பார்த்துக்கொண்டான். பெரியவர்கள் கூடிப் பேசி வழி கண்டுபிடித்தார்கள்: வண்டி படிக்கட்டின் கீழே நிற்கட்டும், ஆசாரி கேபினுக்கு ஏறட்டும், அங்கேயே மடியில் வைத்துக் குத்திவிடலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. நவமணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. எல்லாருக்கும் நிம்மதியாயிற்று. கோகிலா மட்டும் வேறு கணக்குப் போட்டாள். இன்றைக்குக் காதுகுத்து கேபினில் நடக்கும். நாளைக்கு மகிழினி பெரியவளானால் சீர் கேபினில் நடக்கும். கல்யாணம் நடக்கும், பேரன் பிறப்பான், எல்லாரும் அண்ணாந்து பார்த்துப் பேசிவிட்டுப் போவார்கள், இந்த மனுஷன் ஒருநாளும் தன் வீட்டு வாசல்படியை மிதிக்காமலேயே போய்ச் சேருவான், அப்போதும் ஊர் ஏதாவது ஒரு சுலபமான ஏற்பாடு செய்யும். "அதுக்குள்ள நான் இவரக் கீழ எறக்கறன்," என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

கோகிலா எட்டாவது வரைக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்தாள். நடப்பவற்றை விட்டு நடக்காதவற்றைப் பார்ப்பது அவள் வழக்கம். ஊரில் யார் மாட்டிக்கொண்டார்கள் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது, யார் மாட்டவில்லை என்று அவள் பார்த்தாள். அரிசி மில்காரரிடம் மூன்று வண்டி இருந்தது, மூன்றுக்கும் சம்பள டிரைவர்கள். அதே ரோடு, அதே டோல்கேட், அதே இடுப்புவலி. ஆனால் மூன்று பேரும் வண்டியை நிறுத்திவிட்டுப் பொத்தென்று குதித்து, லுங்கியை உதறிக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார்கள். மாட்டிக்கொண்ட ஏழு பேரும் தங்கள் வண்டியைத் தாங்களே ஓட்டுகிறவர்கள்.

அன்றைக்கு மத்தியானம் சோற்றுப் போசியை ஜன்னலில் வைத்துவிட்டு, தானும் ஏறிப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க மாமா, ஒரு லோடுக்கு இவ்வளவு வாடகைன்னு எப்பிடிச் சொல்லுவீங்க?"

"அது என்ன புள்ள, கண்ண மூடிட்டே சொல்லுவன். டீசல். டோலு. ஏத்துகூலி, எறக்குகூலி. டயர் தேய்மானம். டியூவுல ஒரு பங்கு, இன்சூரன்ஸுல ஒரு பங்கு. ஆபீஸ் கமிஷன். வழிச்செலவு. அவ்வளவுதான்."

"டிரைவர் கூலி?"

"நாந்தான டிரைவரு."

"அதான் கேக்கறன். உங்களுக்கு?"

"மிச்சம் நின்னா எனக்கு."

"நிக்குமுங்களா?"

அவன் சோற்றைப் பிசைந்தான். "எங்கப் புள்ள நிக்குது," என்றான்.

கோகிலா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அடுத்த வண்டியில் இருந்த அய்யாவுவிடம் அதையே கேட்டாள். அவரும் டீசலில் தொடங்கிக் கமிஷனில் முடித்தார். "உங்களுக்குங்க மாமா?" என்றால், "நமக்கென்ன அம்மிணி, நம்ம வண்டிக்கு நாமளே கூலி கேக்கறதா? கேட்டா சிரிக்கமாட்டாங்களா?" என்றார். ஏழு வண்டியிலும் ஏறி இறங்கினாள். ஏழு பேரும் டயருக்குத் தேய்மானம் வைத்திருந்தார்கள், ஆளுக்கு வைக்கவில்லை. சம்பள டிரைவரை வைத்திருந்தால் அவனுக்கு ஒரு நாள் பாக்கி இல்லாமல் கொடுத்திருப்பார்கள், அந்த அளவு மானஸ்தர்கள். தாங்களே ஓட்டும்போது, சீட்டில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான் என்பதே அவர்கள் கணக்கில் கிடையாது.

"ஒரு ரவிக்க தெக்கறன்," என்றாள் கோகிலா, தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஏழு ஜன்னலுக்கும் கேட்கிற மாதிரி. "நூலுக்கு, லைனிங்குக்கு, ஊக்குக்கு மட்டும் வாங்கிட்டு அனுப்புனா ஊர்ல என்னைய என்ன சொல்லுவீங்க?"

"கிறுக்கின்னு சொல்லுவோம்," என்றார் அய்யாவு.

"அப்ப உங்கள?"

அய்யாவு தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு அய்யாவுவின் பொண்டாட்டி சரசா, கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், "நான் இருபத்தெட்டு வருசமா சொல்லிட்டுத்தான் இருக்கறன்," என்று சொல்லி ஒரு வேட்டியை உதறினாள்.

அந்த வாரம் நாக்பூருக்கு ஜவ்வரிசி லோடு வந்தது. தனசேகர் பழைய வாடகையைச் சொன்னார். சென்னியப்பன் கோகிலா எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டைப் பார்த்து, டிரைவர் கூலி மூன்று நாளைக்கு, நாளுக்கு ஆயிரத்து இருநூறு சேர்த்துக் கேட்டான். கேட்கிறபோது காது சிவந்துபோயிற்று. தன் கல்யாணத்துக்குப் பெண் கேட்டபோதுகூட அவனுக்கு அப்படிக் கூச்சம் வரவில்லை.

"யாருப்பா டிரைவரு?" என்றார் தனசேகர்.

"நாந்தானுங்க."

"உனக்கு நீயே கூலி போட்டுக்கறயா? நல்ல கதையா இருக்குதே! நீ இல்லைன்னா பின்னாடி பத்து வண்டி நிக்குது தம்பி."

பத்து என்பது பேச்சுக்குத்தான், பின்னால் நின்ற ஆறும் கரட்டுப்புதூர் வண்டிகள். ஆறு பேரும் அதையே கேட்டார்கள். அரிசி மில் வண்டிகளுக்கு வேறு ஓட்டம் இருந்தது. தனசேகர் சிரித்துக்கொண்டே ஆபீஸுக்குள் போனார். ஏழு வண்டிகளும் ஊருக்குத் திரும்பி வந்து தொட்டியைச் சுற்றி நின்றன. ஒரு நாள் நின்றன, ஐந்து நாள் நின்றன, பதினோரு நாள் நின்றன. டியூ கேட்டு போன் வந்தது. பால் அரை லிட்டராகி, பிறகு கருப்பட்டிக் காப்பியாயிற்று. கோகிலா இருந்த ரவிக்கைகளையெல்லாம் தைத்து முடித்து, இல்லாத ரவிக்கைகளுக்கு அளவு கேட்டு வீடு வீடாகப் போனாள். ஏழு பேரில் ஒருத்தனாவது நழுவுவான் என்று ஊரே பார்த்திருந்தது. யாருக்கும் தெரியாமல் நழுவ முதலில் கீழே இறங்க வேண்டும், வண்டியைக் கிளப்பினால் ஊருக்கே கேட்கும் என்பதால் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் தனசேகரின் கார் வந்தது. வடக்கே சிவராத்திரி வருகிறது, அங்கே விரதக்காரர்கள் ஜவ்வரிசியைத்தான் தின்பார்கள், ஆலையில் மூட்டை அடுக்க இடமில்லை, வியாபாரி போன் மேல் போன் போடுகிறார். "சரிப்பா," என்றார் தனசேகர், காரை விட்டு இறங்காமலேயே, வெட்கமும் கோபமும் கலந்த குரலில். "போட்டுக்கங்க. டிரைவர் கூலி. மூணு நாளைக்கு."

அவர் சொல்லி வாயை மூடவில்லை, சென்னியப்பனின் இடது கால் மண்ணில் பட்டது.

பட்டது என்றால் செருப்பு நழுவி, வெறும் பாதம் மண்ணில் பட்டு, ஐந்து விரலும் விரிந்தன. கோகிலா அந்தக் காலைக் குனிந்து பிடித்துக்கொண்டாள், விட்டால் போய்விடுமோ என்று. மகிழினி அதைச் சுற்றிக் குச்சியால் கோடு கிழித்தாள். வலது காலை இறக்கினான். அது மட்டும் காற்றில் தொங்கிற்று. அதற்குரிய தரை பழையபடி கீழே போயிற்று.

"போற வாடகைக்கு ஒரு காலு," என்று அய்யாவு தன் இடது காலை மண்ணில் தேய்த்துக்கொண்டே கத்தினார். "வர்ற வாடகைக்கு அடுத்த காலு! அட, தரைக்குக்கூட வெவரம் தெரியுதப்பா!"

இதையும் ஊர் ஏற்றுக்கொண்டது. ஏழு பேரும் வண்டி ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்று பல் துலக்கினார்கள், பேப்பர் படித்தார்கள். செருப்புக்கடைக்காரர் இடது செருப்பைத் தனியாக விற்றார். "பாதி வந்தாச்சுல்ல, இதுவே போதும்," என்று சிலர் சொன்னார்கள், அந்த ஆறு பேரிலேயே இரண்டு பேர் சொன்னார்கள். வருகிற வாடகை வேறு விஷயம். போகிற லோடு ஊரில் பேசுவது. திரும்புகிற லோடு ஊர் பேர் தெரியாத இடத்தில், காலி வண்டியோடு, பாஷை தெரியாமல், நாலு நாள் குளிக்காமல் நிற்கிறவனிடம் பேசுவது. காலியாக வருவதற்கு டீசல் காசு வந்தால் போதும் என்று எல்லாரும் தலையாட்டிவிடுகிற இடம் அது. புறப்படுகிறபோது கோகிலா ஜன்னலில் தொற்றி, "கூலி இல்லாத லோடு ஏத்தக்கூடாதுங்க, சத்தியமா?" என்றாள். 

"காதுகுத்துக்கு வரவேண்டாமா புள்ள?"

"ரெண்டு காலோட வாங்க."

அவன் கியர் போட்டான்.

ஜவ்வரிசி நாக்பூரில் மூன்றாம் நாள் இறங்கிற்று. அதற்கப்புறம் சென்னியப்பன் நின்றான். தினமும் போன் செய்தான். சோயாப் புண்ணாக்கு இருக்கிறது, நாமக்கல் கோழிப்பண்ணைக்கு. ஆனால் வாடகை கட்டுபடியாகவில்லை. மறுநாளும் அதுதான். அதற்கு மறுநாளும் அதுதான். நவமணிக்குச் செய்தி போய்க்கொண்டே இருந்தது. நாக்பூரிலிருந்து ஒற்றை ஆளாக ஓட்டி வருவதற்கு மூன்று நாள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் படிக்கட்டின் கீழ் வண்டி நிற்க வேண்டும் என்றால், புதன்கிழமைக்குள் அவன் கிளம்பியாக வேண்டும்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு கோகிலா நவமணி வீட்டில் இருந்தாள். காதுகுத்துக்கு அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அகரன் மாவுச் சம்படத்துக்குள் கையை விட்டு, காது வரைக்கும் வெள்ளையாக உட்கார்ந்திருந்தான். போன் அடித்தது. கை எண்ணெயாக இருந்ததால் நவமணி அதை ஸ்பீக்கரில் போட்டு அரிசிப் பானை மேல் சாய்த்து வைத்தாள்.

"கோகி, இருக்கறயா?"

"இருக்கறனுங்க. நவமணியும் இருக்கறா."

"கண்ணு," என்றான் சென்னியப்பன். அவன் குரலுக்குப் பின்னால் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. "லோடு இருக்குது. புண்ணாக்கு. இப்பவே ஏத்தறாங்களாம். இப்பக் கெளம்புனா சனிக்கெழம பொழுதோட வந்துருவன்."

"வாண்ணா!" நவமணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "உடனே கெளம்பு! பையனுக்குப் பட்டுவேட்டிகூட எடுத்தாச்சு!"

"வாடகைதான்..." என்று இழுத்தான்.

"எவ்வளவுங்க?" என்றாள் கோகிலா.

சொன்னான். டீசல் வரும், டோல் வரும், அதோடு சரி. "எட்டு நாளா நிக்கறன் புள்ள. இதுக்கு மேல ஏத்தித் தரமாட்டேங்கறான். நான் கேட்டன். டிரைவர் கூலின்னன். என்னையப் பாத்துட்டு, அக்கட்டால பின்னாடி நிக்கற வண்டியக் கை காட்டறான்."

அதிரசம் எண்ணெயில் கருகிக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"அண்ணா, அதெல்லாம் அடுத்த தடவ பாத்துக்கலாம்ணா," என்றாள் நவமணி. "நீ கீழ எறங்கவே வேண்டாம். நான் பையனத் தூக்கிட்டு வண்டிக்கு வர்றன். உன்ற மடி இருந்தாப் போதும். கல்யாணத்துக்கு வரல, வளைகாப்புக்கு வரல, ஒரு வார்த்த கேட்டனா? இது ஒண்ணுதாண்ணா கேக்கறன்."

மறுபக்கம் கதவுக் கண்ணாடியை ஏற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு, "கோகி, நீ சொல்லு," என்றான் சென்னியப்பன். "லோடு ஏத்திக்கறன்னு சொல்லட்டுமா?"

நவமணி அவளைப் பார்த்தாள். "அண்ணி," என்றாள், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. அவளுக்குப் பத்து வயசில் அப்பன் செத்ததும், அண்ணன் முதல் லோடுக்குப் போய்விட்டு வந்து ஆரஞ்சு நிறக் கிச்சிலிப் பழம் வாங்கிக் கொடுத்ததும் எல்லாம் இருந்தது. கோகிலா குழந்தையைப் பார்த்தாள். மாவு அப்பிய காதுகள், கத்திரிப்பிஞ்சு மாதிரி மெத்தென்று இரண்டு பக்கமும் நின்றன. சரி என்று சொல்வது எவ்வளவு சுலபம். சனிக்கிழமை பொழுதோடு வண்டி வந்துவிடும். இவள் முகம் மலரும். ஜன்னல் வழியாக ஒரு காப்பி கொடுக்கலாம்.

"எறங்குங்க," என்றாள்.

"என்ன புள்ள?"

"ஆளுக்குக் கூலி இல்லாத லோடு வேண்டாம்னு அவங்கிட்டச் சொல்லிட்டு, எறங்குங்க மாமா."

நவமணி அடுப்பை அணைத்தாள். கருகிய அதிரசத்தைக் கரண்டியால் வாரி ஓரமாகப் போட்டாள். போனுக்குள் சென்னியப்பன் யாரிடமோ அரைகுறை இந்தியில் இரண்டு வார்த்தை பேசினான்; எதிராளி சத்தமாக என்னவோ சொன்னான், சிரித்தான், பிறகு அவன் சத்தம் விலகிப் போயிற்று. போனை எங்கோ வைக்கிற ஒலி கேட்டது. சீட்டின் மேலாக இருக்க வேண்டும். கதவு கிறீச்சென்றது. கைப்பிடியில் மோதிரம் உரசிற்று.

ஒரு கால். அது மண்ணில் பட்ட சத்தம் கோகிலாவுக்கு அடையாளம் தெரிந்தது.

அதன் பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அகரன் சம்படத்தைக் கவிழ்த்தான், அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு அடுத்த கால்.

"மாமா?" என்றாள் கோகிலா. சரளைக்கல் நெரிகிற சத்தம் வந்தது. ஒன்று, இரண்டு, நின்று, மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று. நடக்கப் பழகுகிறவனின் நடை. அப்புறம் அது சீராயிற்று. வண்டியைச் சுற்றி ஒரு தரம் வந்தது, இன்னொரு தரம் வந்தது, இடது வலது இடது வலது என்று கணீரென்று கேட்டது. பிறகு விலகத் தொடங்கிற்று.

நவமணி குழந்தையை இழுத்து மடியில் வைத்து, அவன் காதிலிருந்த மாவை முந்தானையால் துடைத்தாள். கண்ணீர் தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வண்டியைத் தெரியாத ஊரில் விட்டுவிட்டு அண்ணன் ரயிலேறவும் முடியாது, காலியாக ஓட்டிவர டீசல் காசும் கிடையாது; ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு மடி பார்க்க வேண்டும். சித்தப்பா மகன் ஒருத்தன் இருக்கிறான், அவன் வருவான். அவள் கோகிலாவின் முகத்தைப் பார்க்கவில்லை, அன்றைக்குப் பார்க்கவில்லை, அடுத்த ஆடி வரைக்கும் பார்க்கவில்லை. ஆனாலும் குனிந்து, போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "அண்ணா," என்று கூப்பிட்டாள். "அண்ணா, அண்ணா," என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

காலடிச் சத்தம் தேய்ந்து தேய்ந்து, ரோட்டுச் சத்தத்தோடு கலந்து, இல்லாமல் போயிற்று. நாலு மாதத்தில் முதல் தடவையாக அந்த வண்டிக்குள் ஆள் இல்லை.